சென்சார் உட்கார்ந்திருக்கும் இடம்

போன சனிக்கிழமை சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் எங்கள் வொர்க்‌ஷாப்புக்கு ஒரு பழைய டொயோட்டா வந்தது. 4ஏ-ஜிஇ இன்ஜின். வேறு எங்கோ ஆஃப்டர்மார்க்கெட் ஈசியூ, அதாவது வெளியில் வாங்கிய இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி, மாட்டியிருந்தார்கள். "அண்ணே, ஐடிலில் 16.5 காட்டுது. பெட்ரோல் பத்தலை போல. இன்ஜெக்டரை மாத்திடலாமா?" என்றார் வண்டிக்காரத் தம்பி.

மீட்டர் காட்டுவது, ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று என்பதை. பெட்ரோலுக்குச் சமன் 14.7. அப்படியானால் ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, 16.5 என்பது நல்ல லீன்: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஆனால் வண்டிக்குப் பின்னால் போய் நின்றால் பெட்ரோல் வாசத்தில் கண் எரிகிறது. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கிறது. இப்படி இரண்டும் முரண்பட்டால் நான் பிளக்கைத்தான் நம்புவேன்.

அந்த எண்ணைத் தரும் வைட்பேண்ட் சென்சார் பெட்ரோலை நேராகப் பார்ப்பதில்லை. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜனை வைத்துத்தான் கணக்குச் சொல்கிறது. அந்த ஆக்ஸிஜன் எங்கிருந்து வந்தது என்பது அதற்குத் தெரியாது. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால்கூட (தீப்பற்றாமல் போனால்கூட), எரியாத காற்று அப்படியே வந்து லீன் என்று காட்டும். இன்ஜின் ஆறியபின் எக்ஸாஸ்ட் வாயில் காற்றை ஊதிவிட்டு, இன்ஜினில் எக்ஸாஸ்ட் குழாய்கள் தொடங்கும் மேனிஃபோல்ட் பக்கம் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். சென்சாருக்கு முன்னால், இணைப்பின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட்டில் நுரை பொங்கியது. ஐடிலில் அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போக, ஈசியூ அதை லீன் என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கேஸ்கெட் மாற்றியதும் அதே மீட்டர் 11.8 காட்டியது, அதாவது பெட்ரோல் அதிகம். அதுதான் உண்மை நிலவரம்.

சென்சாரைக் குழாயின் அடிப்பக்கத்தில் வேறு செருகியிருந்தார்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குழாயில் தேங்கும் தண்ணீர், சூடாகியிருக்கும் செராமிக்கில் பட்டால் விரிசல்தான். மேல்பாதிக்கு மாற்றி வெல்ட் வைத்தேன்.

அப்புறம் நாக் சென்சார். சிலிண்டருக்குள் கலவை நேரம் தவறித் தானாக வெடித்துத் தட்டுவதுதான் நாக்; அந்த அதிர்வைக் கேட்பது இந்தச் சென்சார். 5,000 ஆர்பிஎம் தாண்டினாலே ஈசியூ டைமிங்கை, அதாவது பிளக் பொறி விடும் நேரத்தை, 6 டிகிரி பின்னுக்கு இழுத்தது. சென்சார் சிக்னலை ஹெட்ஃபோனில் போட்டுக் கேட்டேன். நாக் என்றால் தகர டப்பாவில் பட்டாணி குலுக்கியது போலக் கேட்கும். இதில் கேட்டதோ வெறும் ரீங்காரம். கை எட்டவில்லை என்று சென்சாரை ஒரு தகட்டில் மாட்டியிருக்கிறார்கள். தகடு அதிர்கிறது, அவ்வளவுதான். இன்ஜின் பிளாக்கில் பெயின்ட் சுரண்டிய வெற்று உலோகத்தில், வாஷர் இல்லாமல், 20 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கினேன். இந்த இன்ஜினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 81 மில்லிமீட்டர். அதற்கு நாக் ஒலி 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். அந்த ஒலியை மட்டும் ஈசியூ கேட்கும்படி ஃபில்டரை அங்கே வைத்தேன். ரீங்காரம் போயே போய்விட்டது.

ஆனாலும் நாக் கட்டுப்பாட்டை அணைத்து வைக்கவில்லை. தம்பி அடுத்த மாதம் மலேசியாவின் செப்பாங் ரேஸ் டிராக்குக்குப் போகிறார். இங்கே 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டு டியூன் செய்திருக்கிறேன்; இந்த எண் குறைந்தால் நாக் சுலபமாக வரும். அங்கே சிங்கப்பூர் வண்டிக்கு 95 தரமாட்டார்கள், பெரும்பாலும் 97தான் கிடைக்கும். மத்தியான வெயிலில் அந்த ஒரு எண் வித்தியாசத்தை முதலில் கேட்கப்போவது இந்தச் சென்சார்தான்.