ஜன்னல் மாற்றும் முன் அடிச்சட்டத்தைக் குத்திப் பாருங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பழைய வீடுகளில் மர ஜன்னல் கெட ஆரம்பிப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: நிலையின் அடிச்சட்டம். சாரல் தண்ணீர் அதன்மேல் தேங்கி, வெடித்த பெயிண்ட் வழியாக மரத்துக்குள் இறங்கும். ஈர மரத்துக்குச் சுவருக்குள்ளிருந்தே கரையான் வந்துவிடும். புது ஜன்னலுக்கு விலை கேட்கக் கிளம்பும் முன் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து அடிச்சட்டத்தின் இரண்டு மூலையிலும் அழுத்திப் பாருங்கள். முனை மட்டும் பதிந்தால் மரம் நன்றாக இருக்கிறது. அரை இஞ்ச் உள்ளே போனால் மக்கிவிட்டது. கைப்பிடியால் தட்டும்போது பொந்து சத்தம் வந்தால் கரையான் வேலை.

நிலை உறுதியாக இருந்து கதவு மட்டும் முறுக்கியிருந்தால் முழு ஜன்னலையும் பெயர்க்க வேண்டாம். பழைய தேக்கு, வேங்கை நிலையின் கனம் இன்று கடையில் சுலபமாகக் கிடைக்காது. புதுக் கதவும் புதுக் கீலும் போதும். கரையான் இருந்தால் சுவருக்கு மருந்து அடித்த பிறகுதான் எதையும் பொருத்த வேண்டும்.

நிலையும் போய்விட்டது என்றால், யுபிவிசியா (கெட்டியான ஒரு வகை பிளாஸ்டிக்) அலுமினியமா என்ற கேள்வி வரும். மேற்கு வெயில் நேராக அடிக்கும் அறைக்கு யுபிவிசி நல்லது, சட்டம் சூட்டை அதிகம் உள்ளே கடத்தாது. 5 அடிக்கு மேல் அகலமான ஜன்னலுக்கு அலுமினியம்தான் விறைப்பாக நிற்கும். யுபிவிசி வாங்கும்போது ஒரு சோதனை: கொஞ்சம் சக்தியான காந்தத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். உள்ளே கால்வனைஸ் இரும்புக் குழாய் இருந்தால் காந்தம் இழுக்கும். இழுக்கவில்லை என்றால் வெறும் பிளாஸ்டிக். வெயிலில் நாளடைவில் நடுவில் தொய்ந்து, கதவு தட்ட ஆரம்பிக்கலாம்.

ஸ்லைடிங் வேண்டுமா, கீல் வைத்துத் திறப்பதா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. ஸ்லைடிங்கில் 4 அடி ஜன்னல் திறப்பது 2 அடிதான். அதோடு கதவு ஓடுவதற்காக ஓரத்தில் பிரஷ் மாதிரி இழைதான் இருக்கும். புழுதி அதற்குள் நுழைந்துவிடும். கீல் கதவு ரப்பர் கேஸ்கெட்டை அழுத்திக்கொண்டு மூடும். ஜல்லி லாரி ஓடும் ரோட்டோரத்து வீட்டுக்குக் கீல் கதவுதான் சரி. ஒரே சிக்கல், வெளியே திறக்கும் கதவை மூட கிரில்லுக்குள் கை விட வேண்டும். கிரில் கம்பிகளுக்கு இடையே கை நுழையுமா என்பதை ஆர்டர் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். கொசு வலையோடு வேண்டும் என்றால் மூன்று டிராக் ஸ்லைடிங் சுலபம்: இரண்டு டிராக் கண்ணாடிக்கு, ஒன்று வலைக்கு.

அளவில்தான் நிறைய வேலை கெடுகிறது. ஆசாரி நூல் கணக்கில் சொல்வார், பட்டறையில் மில்லிமீட்டரில் வெட்டுவார்கள். ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 மி.மீ. ஆரம்பத்திலிருந்தே எல்லோரும் மில்லிமீட்டரில் பேசச் சொல்லுங்கள். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, மிகக் குறைந்ததை எடுங்கள், உயரமும் அப்படித்தான். அதிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து 10 மி.மீ. கழியுங்கள். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுங்கள். வித்தியாசம் 6 மி.மீ.க்கு மேல் போனால் திறப்பு கோணலாக இருக்கிறது என்று அர்த்தம். பூச்சு வேலை முடிந்த பிறகு மறுபடி அளக்க வேண்டும். டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய) கண்ணாடியைத் தயாரான பிறகு வெட்ட முடியாது என்பதையும் மறக்காதீர்கள்.

பழைய நிலையை நெம்பி இழுத்தால் சுவரும் கூடவே வரும். நிலையைப் பிடித்திருக்கும் ஹோல்ட்ஃபாஸ்ட் இரும்பு சுவருக்குள் பதிந்திருக்கும். அடிச்சட்டத்தையும் மேல்சட்டத்தையும் நடுவில் அறுத்து உள்பக்கமாக மடக்கி எடுத்து, ஹோல்ட்ஃபாஸ்ட்டைச் சுவர் மட்டத்தில் கிரைண்டரால் வெட்டுங்கள். கருங்கல்லை மண் சேர்த்துக் கட்டிய சுவர் என்றால் இன்னும் கவனம். கல் இணைப்பில் இருக்கும் மண்ணில் ஸ்க்ரூ பிடிக்காது. ஸ்க்ரூ வரும் இடங்களில் மண்ணை நோண்டி எடுத்து சிமெண்ட் கலவை அடைத்து, நன்றாக இறுகிய பிறகுதான் துளை போட வேண்டும்.

பொருத்தும்போது மூலையிலிருந்து 150 மி.மீ. தள்ளி முதல் ஸ்க்ரூ, அதற்குப் பிறகு 600 மி.மீ.க்குள் ஒவ்வொன்று. ரசமட்டம் பார்த்து, ஆப்பு வைத்துச் சமப்படுத்திய பிறகே முறுக்க வேண்டும். ஸ்லைடிங்கின் அடி டிராக்கில் ஸ்க்ரூ போடவே வேண்டாம், மழைநீர் அந்தத் துளை வழியாகச் சுவருக்குள் இறங்கும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் ஃபோம் அடிப்பவர் தாராளமாக அடித்தால் நிறுத்துங்கள். அது உப்பி, சட்டத்தை உள்ளே வளைத்துவிடும். பிறகு வெளிப்பக்கம் சிலிக்கான் விட வேண்டும்.

ஜன்னலுக்கு அடியில் வைக்கும் கல்லுக்கு இந்த ஊரில் கிரானைட்டுக்குப் பஞ்சமில்லை. வெளிப்பக்கம் 10 மி.மீ. சரிவாக, சுவரிலிருந்து ஒரு இஞ்சாவது வெளியே நீட்டி, நீட்டின பகுதியின் அடியில் ஒரு கோடு கீறி வையுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டில் நின்று கீழே சொட்டிவிடும். கோடு இல்லையென்றால் கல்லின் அடியை ஒட்டியே ஓடி வந்து சுவரை நனைக்கும்.

சிலிக்கான் காய ஒரு நாள் விட்டு, டிராக்கில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். வெளிப்பக்கத் துளைகள் வழியாக வடிய வேண்டும். வடியவில்லை என்றால் கொத்தனாரின் சிமெண்ட் துளையை அடைத்திருக்கும். ஜன்னல் ஒழுகுகிறது என்ற புகாரில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பாதுகாப்பு ஃபிலிமையும் வேலை முடிந்ததும் உரித்துவிடுங்கள், வெயிலில் மாதக்கணக்கில் விட்டால் பசை ஒட்டிக்கொண்டு வராது. டைல்ஸ் கழுவும் ஆசிட் அலுமினியத்தின் மேல் படவே கூடாது.

வேலையை பிப்ரவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் முடித்துவிடுங்கள். செப்டம்பர், அக்டோபர் மழையில் சுவரைத் திறந்து வைத்தால் சிலிக்கான் ஈரச் சுவரில் சரியாக ஒட்டாது.

பராமரிப்பு பெரிதாக எதுவுமில்லை. மாதம் ஒருமுறை டிராக்கைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி, பிறகுதான் ஈரத்துணி. முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் புழுதி சேறாகி ரோலரைப் பிடித்துக்கொள்ளும். ரோலருக்கும் கீலுக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே போதும், எண்ணெயும் கிரீஸும் மண்ணை ஒட்டவைக்கும். நம் போர் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் படியும், ரப்பர் வைப்பரால் உடனே இழுத்துவிடுங்கள். படிந்துவிட்ட கறைக்கு வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒட்டவைத்துத் துடைக்கலாம். ஆர்ஓ மெஷினில் கழிவாக வரும் தண்ணீரை மட்டும் ஜன்னலுக்கு எடுக்காதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.