பெட்டிக்குள் அடங்காத சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ச் செய்தித் தளத்துக்கு முகப்பு செய்துகொண்டிருந்தேன். இடப்பக்கம் படம், வலப்பக்கம் தலைப்பு. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில், பெட்டிகளை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸ் முறையில் பத்து நிமிட வேலை. ஆங்கில மாதிரி உரையை வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. உண்மையான தலைப்புகள் வந்ததும் கைப்பேசியில் பக்கம் பக்கவாட்டில் நழுவத் தொடங்கியது. குற்றவாளி ஒரே ஒரு சொல்: ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கான’.

அடங்காத சொல்லை உடைக்கலாமா என்று சொல்லும் ஓவர்ஃப்ளோ-ராப் (overflow-wrap) பண்புக்கு, உடைக்கலாம் என்ற பொருளில் பிரேக்-வேர்ட் (break-word) என்று கொடுத்தேன். பெட்டி சுருங்கவே இல்லை. எழுத்தளவைக் குறைத்தேன், அடுத்த நாள் அதைவிட நீளமான சொல் வந்தது. அப்புறம்தான் சிஎஸ்எஸ் ஸ்பெக்கை, அதாவது அதன் விதிகளை வரையறுக்கும் ஆவணத்தை, திறந்தேன்.

விடை அங்கேயே இருந்தது. ஃபிளெக்ஸ் பெட்டிக்குள் இருக்கும் உறுப்புக்கு மின்-விட்த் (min-width), அதாவது குறைந்தபட்ச அகலம், தானாகவே ‘ஆட்டோ’. அதாவது, உள்ளே இருக்கும் உடையாத மிக நீளமான சொல்லைவிடச் சிறிதாக அது சுருங்காது. பிரேக்-வேர்ட் அந்தக் கணக்கில் சேராது, ஓவர்ஃப்ளோ-ராப்பின் இன்னொரு மதிப்பான ‘எனிவேர்’ (anywhere) சேரும். மின்-விட்த்தைப் பூஜ்யம் ஆக்கி, பிரேக்-வேர்டை அப்படியே விட்டாலும் போதும். ஒரு வரி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு மாலை ஆனது. ஏனென்றால் அந்தப் பகுதி பிரவுசர் செய்பவருக்காக எழுதப்பட்டது. அகலத்தை எப்படிக் கணக்கிட வேண்டும் என்று அது சொல்கிறது. ‘என் பெட்டி ஏன் சுருங்கவில்லை’ என்று தேடி வருபவருக்கு அங்கே வாசல் இல்லை.

அந்தத் துல்லியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். 1998-இல் வந்த சிஎஸ்எஸ் 2-இன் குழப்பங்களைத் தீர்த்து 2.1 ‘பரிந்துரை’ என்ற இறுதித் தரமாக வெளிவர 2011 வரை ஆனது. எல்லா பிரவுசரும் ஒரே மாதிரி வரைய அந்தக் கறார் தேவைதான். ஆனால் பக்கத்தின் உள்ளடக்கத்தைக் கட்டும் மொழியான எச்டிஎம்எல்லின் தரத்துக்கு, பிரவுசர் செய்பவருக்கான பகுதிகளை நீக்கிய, தளம் செய்பவருக்கான தனிப் பதிப்பு இருக்கிறது. சிஎஸ்எஸ்ஸுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எடுத்துக்காட்டுகளில் நம் மொழியின் நீளச் சொற்களும் வர வேண்டும். ஒட்டி ஒட்டி நீளும் தமிழ்ச் சொல் ஒன்றைக் காட்டினால் இந்த விதி பார்த்தவுடனே புரிந்துவிடும்.

சிஎஸ்எஸ் ஸ்பெக்கின் வரைவுகள், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கின்றன, யாரும் கருத்துச் சொல்லலாம். அது நிபுணர்களின் இடம் என்று பல வருடம் ஒதுங்கியே இருந்தேன். அது தவறு.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி, “அண்ணா, ஸ்பெக்கெல்லாம் நாம படிக்கணுமா?” என்று கேட்டான். அந்தப் பகுதியைத் திறந்து வைத்து இருவரும் வரி வரியாகப் படித்தோம். அவனுடைய மாதிரி உரை இப்போது ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கான’ என்றுதான் தொடங்குகிறது.