நாயக்கர் மகாலின் வழுவழுப்பு சேலத்துச் சுவரில் வருமா?

மதுரை திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய் வந்தவர்கள் தூண்களின் பருமனைத்தான் பேசுவார்கள். சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்யும் எங்களுக்கோ அங்கே அண்ணாந்து பார்க்கும் இடம்தான் பெரிது. 1636 வாக்கில் எழுந்த அரண்மனை அது. திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் காலத்தில் பெரும்பகுதியைப் பிரித்துவிட்டார்கள். எஞ்சியது 19ஆம் நூற்றாண்டில், நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது பழுதுபார்க்கப்பட்டது. அரசவை மண்டபமான சொர்க்கவிலாசத்தின் விதானம் இரும்பு உத்தரமோ மர விட்டமோ இல்லாமல் செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் நிற்கிறது. வளைவுகளின் இலைமடிப்பும் யாளியும் கொடியும் அதன்மேல் ஏற்றிய சுதை, அதாவது சுண்ணாம்புக் காரையில் வடித்த உருவங்கள்.

அந்தப் பளபளப்புக்கு முட்டை வெண்கருதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். கடைசிப் பூச்சுக்கு அது உதவும். ஆனால் முக்கால் வேலை சுண்ணாம்பை ஊறவைப்பதிலும் தேய்ப்பதிலும்தான்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. ஏற்காடு அடிவாரத்து வெள்ளைக்கல் மேக்னசைட். உலைச்செங்கல்லுக்கு உகந்தது, பூச்சுக்கு ஆகாது. நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேல்பூச்சுக்குச் சுட்ட கிளிஞ்சலே நல்லது.

கிளிஞ்சலைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரை அதன்மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். பிளாஸ்டிக் டிரம் இளகும்; செங்கல் தொட்டி கட்டுங்கள். நீர்த்ததைச் சல்லடையில் வடித்து, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கக் குறைந்தது ஒரு மாதம் விடுங்கள். மூன்று மாதம் கிடந்தால் வெண்ணெயாகக் குழையும். அவசரப்பட்டால், நீர்க்காத பருக்கைகள் சுவரில் ஏறிய பிறகு ஈரம் குடித்து வீங்கும். காரை காசளவு வட்டங்களாகத் தெறிக்கும்.

முதல் பூச்சு ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல், அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த நீரில் குழைக்கலாம். வெல்லம் கூடினால் இறுகத் தாமதமாகும். அடுத்தது ஒன்றுக்கு இரண்டு. கடைசிப் பூச்சு சலித்த சலவைக்கல் பொடியோடு சரிபாதி, 2 முதல் 3 மி.மீ. இதில் கடுக்காய் நீர் கூடாது, பழுப்பேறும். விரல் வைத்தால் ஒட்டாத, ஆனால் குளிர்ச்சி மாறாத பதத்தில் வழுவழுப்பான கூழாங்கல்லால் தேயுங்கள். முந்தினால் பூச்சு உரியும், பிந்தினால் மினுக்கே ஏறாது.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகிறது. அதற்கு ஓரளவு ஈரம் வேண்டும். சேலத்துச் சித்திரை வெயிலில் நனைத்த சாக்குப் படுதா கட்டாவிட்டால் மயிரிழை வெடிப்பு நிச்சயம். ஏற்காட்டில் தொல்லை நேர்மாறானது: ஐப்பசி மூடுபனியில் பூச்சின் துளைகளில் நீர் நிறைந்து காற்று புகாது, நகத்தால் கீறினாலே பெயரும். மலைமேல் மாசி, பங்குனியில் பூசுங்கள்.

பழைய பங்களாச் சுவரில் சிமென்ட் ஒட்டுப்போடுவது பெருங்கேடு. உள்ளே அடைபட்ட ஈரம் ஒட்டின் ஓரமாக வெளியேறும். உப்புப் பூத்து, நல்ல காரையும் சேர்ந்து விழும். சுதை உருவங்களுக்கு உள்ளே இரும்பு ஆணியும் வேண்டாம். துருப்பிடித்துப் பருத்து உருவத்தையே பிளக்கும். செப்புக் கம்பி போதும்.