மழையில் கடித்த கதவும் ஒடிந்த ஹேண்டிலும்

கூடத்திலிருந்து கொல்லைக்குப் போகும் கதவின் ஹேண்டில் ரொம்ப நாளாகவே தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் தானாக மேலே வர வேண்டிய பிடி, பாதி வழியிலேயே நின்றுவிடும். ஐப்பசியில் மழை பிடித்ததும் கதவே நிலையோடு கடித்துக்கொண்டது. பிடியை முழு பலத்தோடு அழுத்தி, தோளால் ஓர் இடி கொடுத்தால்தான் திறக்கும் என்றாகிவிட்டது. கார்த்திகை தீபத்தன்று கொல்லையில் விளக்கு வைக்கப் போன அம்மாவின் கையோடு பிடி ஒடிந்து வந்துவிட்டது. "ஆசாரிய வரச் சொல்லுன்னு எத்தன தடவடா சொல்றது?" என்றாள். ஆசாரி அண்ணன் பக்கத்துத் தெருதான். வந்து பார்த்தார். வேலையை நானே செய்து பார்க்கிறேன், யோசனை மட்டும் சொல்லுங்கள் என்றேன். சிரித்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில் அந்த ஒடிந்த துண்டு. மேலே பளிச்சென்று பித்தளை நிறம். உடைந்த வாய் மட்டும் மங்கிய சாம்பல் நிறத்தில், ரவையைக் கொட்டிவைத்தது போல மணி மணியாக இருந்தது. பித்தளையாக இருந்திருந்தால் உள்ளேயும் மஞ்சளாகத்தான் இருக்கும். அதோடு பித்தளை ஒடிவதற்கு முன்னால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். இது துத்தநாகக் கலவை. 400 டிகிரிக்கு முன்பே உருகிவிடும் உலோகம் என்பதால், எஃகு அச்சில் அழுத்திச் செலுத்தி எத்தனை வேண்டுமானாலும் சுலபமாக வார்த்துத் தள்ளலாம். மெதுவாகத் திறந்து மூடும் கதவுக்கு அது போதும். தினமும் இடிவாங்கும் கதவுக்கு, பிடி தகட்டோடு சேரும் கழுத்துப் பகுதி தாங்காது. எங்கள் ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றுப் பக்கம். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புவிசார் குறியீடு வாங்கிய நாச்சியார்கோவில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. இங்கே இருந்துகொண்டு பித்தளைப் பூச்சைப் பித்தளை என்று நம்பி இத்தனை வருஷம் துடைத்துக்கொண்டிருந்தோம்.

புது ஹேண்டில் வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கதவு கடிப்பது நிற்காமல் எதை மாட்டினாலும் அடுத்த ஐப்பசிக்கு அதுவும் ஒடியும். எனவே கடைக்குப் போவதைத் தள்ளிவைத்துவிட்டு, ஹேண்டில், பூட்டு, கதவு மூன்றில் எது எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும். மூடிய கதவில் ஹேண்டிலைக் கழற்றிவிட்டுப் பூட்டின் நாக்கு சிக்கிக்கொண்டால், ஜன்னல் வழியாக ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். திருப்புளியால் இரண்டு பக்கத் தகடுகளையும் கழற்றினால், இரண்டு பிடிகளையும் இணைக்கும் சதுரக் கம்பி வெளியே வந்துவிடும். கடைக்காரர்கள் ஸ்பிண்டில் என்பார்கள், பெரும்பாலும் 8 மி.மீ. சதுரம். அந்தக் கம்பியை மட்டும் பூட்டின் துளையில் திரும்பச் செருகி, கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்பினேன். நாக்கு உள்ளே போனது, விட்டதும் சட்டென்று வெளியே வந்தது. அப்படியானால் பூட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடி தொங்கியதற்குக் காரணம், தகட்டின் பின்னால் பிடியைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்பிரிங். கழற்றிப் பார்த்தால் அது துருவேறி இரண்டாக முறிந்து கிடந்தது. பூட்டு நன்றாக இருந்ததால் அதை மாற்றும் செலவும், மரத்தைக் கொத்தும் வேலையும் மிச்சம்.

அடுத்து கதவு. எங்கள் கொல்லைக் கதவு வேப்பமரம். கரையான் அண்டாது, ஆனால் ஈரம் குடிக்கும். மரம் ஈரம் குடித்தால் நார் ஓடும் நீளத்தில் வளர்வது ஒன்றுமே இல்லை என்கிற அளவுதான், குறுக்கேதான் ஊதும். கதவில் நார் மேலிருந்து கீழாக ஓடுவதால் ஊதுவது முழுக்க அகலத்தில் விழுகிறது. டெல்டாவுக்கு வருஷத்து மழையில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. சுற்றிலும் வயலில் தண்ணீர், காற்றிலும் ஈரம். கதவு உலர நேரமே கிடைப்பதில்லை.

அப்படியானால் ஓரத்தை இழைத்துவிடலாமே என்று கேட்டேன். ஆசாரி அண்ணன் வேண்டாம் என்று தலையாட்டினார். "மழையில இழைப்புளி போட்டா, சித்திரையில பல்லி நுழையற சந்து விழும் தம்பி. மொதல்ல எங்க ஒரசுதுன்னு பாருங்க" என்றார்.

உரசும் இடம் பூட்டு இருக்கும் ஓரத்தின் மேல் மூலையில் இருந்தது. அங்கே மட்டும் பெயிண்ட் தேய்ந்து மரம் தெரிந்தது, கீழே பெயிண்ட் அப்படியே இருந்தது. கதவு ஊதியது மட்டும் காரணமென்றால் ஓரம் முழுக்க உரசியிருக்க வேண்டும். மேல் மூலை மட்டும் உரசினால் கதவு சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். மேல் கீலைப் பார்த்தேன். ஸ்க்ரூக்கள் திருப்பத் திருப்பச் சுற்றிக்கொண்டே இருந்தன, பிடிமானமே இல்லை. மேல் கீல் தளர்ந்தால் கதவின் பூட்டுப் பக்கம் கீழே இறங்கும், மேல் மூலை நிலையைப் போய் முட்டும். அதோடு பூட்டின் நாக்கும் தாழ்ந்து, நிலையில் பதித்த தகட்டின் துளைக்கு நேராக இல்லாமல் போகும்.

நாக்கு எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கொஞ்சம் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து நாக்கின் மேல் தடவிவிட்டுக் கதவைச் சாத்தி, திறந்து பார்த்தேன். தகட்டுத் துளையின் கீழ் விளிம்பில் சிவப்புக் கீற்று நீளமாகப் படிந்திருந்தது. மேல் விளிம்பில் ஒன்றும் இல்லை. நாங்கள் பிடியை அழுத்தும்போதெல்லாம் அந்த நாக்கு கீழ் விளிம்பில் தேய்த்துக்கொண்டேதான் உள்ளே போயிருக்கிறது. அந்தப் பாரம் முழுக்க ஏறிய இடம் ஹேண்டிலின் கழுத்து.

கீலைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. கதவின் அடியில் ஓர் ஆப்பைத் தட்டி, தூக்கி நிறுத்திக்கொண்டு மேல் கீலின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். மூங்கில் குச்சியைச் சீவி ஃபெவிகாலில் தோய்த்து, நிலையிலிருந்த ஓட்டைகளில் இறுக்கமாக அடித்து, வெளியே நீட்டியதை உளியால் சீவிவிட்டேன். ராத்திரி முழுக்கக் காயவிட்டு மறுநாள் மெல்லிய டிரில் பிட்டால் ஓட்டை போட்டு, பழையதைவிட அரை இஞ்ச் நீளமான ஸ்க்ரூக்களைப் போட்டேன். கதவு கண்ணுக்குத் தெரியும்படி மேலே ஏறியது. மேல் மூலையில் உரசல் போய்விட்டது. மறுபடியும் குங்குமச் சோதனை. கீழ் விளிம்பில் இன்னும் லேசாகச் சிவப்பு. தகட்டைக் கழற்றி, தட்டை அரத்தால் கீழ் விளிம்பை அரை நூல் தேய்த்தேன். தச்சு வேலையில் ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு, அதில் பாதி ஒன்றரை மி.மீ. சொச்சம். அதற்குப் பிறகு குங்குமம் எங்கேயும் ஒட்டவில்லை.

இத்தனை நாளும் கொல்லைக் கதவு பழைய நாதாங்கியிலும் கொண்டியிலும்தான் பூட்டிக் கிடந்தது. தாத்தா காலத்துத் திண்டுக்கல் பூட்டு ஒன்று பரணில் இருந்தது, துடைத்துச் சாவி போட்டதும் திறந்துகொண்டது. 2019இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இதை அம்மாவிடம் சொன்னால், "அப்ப இதையே வச்சிக்கலாமே, எதுக்கு ஹேண்டிலு?" என்றாள். நியாயமான கேள்விதான்.

கடைக்குப் போகும் முன் ஒரு மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் பழைய தகட்டை வைத்துச் சுற்றிலும் கோடு போட்டுக்கொண்டேன். ஸ்பிண்டில் துளையின் நடு, சாவித் துளையின் நடு, இரண்டுக்கும் இடையே எவ்வளவு என்பதுதான் உயிர்நாடியான அளவு. என் பூட்டில் அது 70 மி.மீ. வேறு பூட்டுகளில் 72 இருக்கும், 85 இருக்கும். இரண்டு மி.மீ. பிசகினாலும் சாவி தகட்டில் இடிக்கும். கதவின் கனத்தையும் குறித்துக்கொண்டேன்.

கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் ஒரு ஹார்டுவேர் கடை. பையன் கேட்ட முதல் கேள்வி, "ஏழு இஞ்சா, எட்டு இஞ்சாண்ணே?" அது தகட்டின் நீளம். நடு அளவை அவன் கேட்கவே இல்லை. காலண்டர் தாளை விரித்ததும் முதலாளி எழுந்து வந்து, "பூட்டோட செட்டா எடுத்துக்குங்க தம்பி, அளவு பிரச்சினையே வராது" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, பெரும்பாலும் செட்டாகத்தான் வருகிறது. ஆனால் நல்ல பூட்டைக் குப்பையில் போட எனக்கு மனசில்லை. தனி ஹேண்டில் ஜோடிகளை எடுத்துப் போடச் சொல்லி, தாளின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்.

கையோடு ஒரு சின்னக் காந்தமும் கொண்டுபோயிருந்தேன். இரும்பில் பூச்சு போட்டதை அது காட்டிக்கொடுத்துவிடும். பித்தளையையும் துத்தநாகக் கலவையையும் அதனால் பிரிக்க முடியாது, இரண்டிலும் ஒட்டாது. அதற்குக் கைதான் தராசு. ஒரே அளவுள்ள துண்டில் பித்தளை கால் பங்குக்கு மேல் கூடுதல் எடை இருக்கும். தகட்டைத் திருப்பி, பாலிஷ் போடாத உட்புறத்தைப் பார்த்தாலும் தெரிந்துவிடும், மஞ்சளா சாம்பலா என்று. எவர்சில்வர் ஹேண்டிலும் நல்லதுதான். ஆனால் 304, 202 என்று அதில் தரங்கள் உண்டு, 304 என்று சொல்லி 202 கொடுத்தால் காந்தத்தால் கண்டுபிடிக்க முடியாது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் 202 சீக்கிரமே பழுப்பு கட்டிவிடும். நான் பித்தளையே எடுத்தேன், எட்டு இஞ்ச். பழைய தகடு ஏழு இஞ்ச் என்பதால், புதுசு அதன் கறையை மூடிவிடும், ஸ்க்ரூ ஓட்டைகளும் புது மரத்தில் விழும். பூச்சு ஹேண்டிலைவிட விலை இரண்டு மடங்குக்கும் மேல். அதைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசவில்லை.

மாட்டும்போது முதல் சங்கதி ஸ்பிண்டிலின் நீளம். புதுசோடு வந்தது எங்கள் கதவின் கனத்துக்கு நீளம் அதிகம். அப்படியே போட்டால் தகடு கதவோடு படியாது. ஹாக்ஸா பிளேடால் அறுத்து, பிசிறை அரத்தால் தேய்த்து எடுத்தேன். இரண்டு தகடுகளும் கதவில் ஒட்டி உட்கார்ந்த பிறகும் ஸ்பிண்டில் முன்னும் பின்னும் ஒரு மயிரிழை நகர வேண்டும். அதுதான் சரியான நீளம்.

அடுத்து, டிரில்லைக் கையில் எடுப்பதற்கு முன்னால் சாவி. ஒரு ஆளைத் தகட்டைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, சாவியைப் போட்டு உள்பக்கமும் வெளிப்பக்கமும் பூட்டித் திறந்து பார்த்தேன். தங்கச்சிதான் பிடித்துக்கொண்டாள். சாவி எங்கேயும் உரசாத நிலையில் பென்சிலால் ஸ்க்ரூ இடங்களைக் குறித்தேன். பித்தளை ஸ்க்ரூவை நேரடியாக மரத்தில் ஏற்றினால் தலை முறிந்து உள்ளே நின்றுவிடும். முதலில் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவைப் போட்டுப் புரி வெட்டிக்கொண்டு, அதை எடுத்துவிட்டு, மெழுகுவர்த்தியில் தேய்த்த பித்தளை ஸ்க்ரூவைக் கையாலேயே திருப்பினேன். இந்த யோசனை ஆசாரி அண்ணன் உபயம். ஒரே மூச்சில் முறுக்காமல், எல்லா ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, நடு நடுவே பிடியை அழுத்திப் பார்க்க வேண்டும். அதிகம் இறுக்கினால் தகடு லேசாக வளைந்து, புது ஸ்பிரிங்கும் பழையது மாதிரி மேலே வரச் சோம்பல்படும்.

பிடியின் கழுத்தில் தலையில்லாத சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கிறது, ஆலன் கீயால் இறுக்குவது. ஹேண்டில் லொடலொடவென்று ஆடுவதற்குப் பாதி நேரம் அது தளர்ந்ததுதான் காரணம். இறுக்கிவிட்டு அதன் மேல் தங்கச்சியின் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு விட்டேன். அதிர்ச்சியில் கழலாது, தேவைப்பட்டால் கீ போட்டுத் திருப்பவும் முடியும். "அந்தக் கலர் பாட்டில் புதுசுண்ணே" என்று அவள் சொல்வதற்குள் வேலை முடிந்துவிட்டது.

சாவித் துளைக்குள் எண்ணெய் விடவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளில் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் கூரைத் தூளாக்கிச் சாவியில் தடவி உள்ளே விட்டேன், பென்சில் கூர் கிராஃபைட்தான். நாக்கின் சாய்ந்த முகத்தில் மட்டும் மெழுகு. இப்போது இரண்டு விரலால் அழுத்தினாலே கதவு திறக்கிறது.

வேலை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. கதவின் மேல் விளிம்புக்கும் அடி விளிம்புக்கும் பெயிண்டே அடித்ததில்லை. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான், கண்ணில் படாத இடம் என்று விட்டுவிடுவார்கள். கொல்லைச் சாரல் ஏறுவது முழுக்க அந்த அடி விளிம்பு வழியாகத்தான். ஈரத்தோடு அடித்தால் பெயிண்ட் உரிந்துவிடும் என்பதால், பங்குனி வெயிலில் மரம் நன்றாகக் காய்ந்ததும் கதவைக் கழற்றி, இரண்டு விளிம்புக்கும் பிரைமரும் எனாமலும் அடிக்க வேண்டும். அப்போதும் எங்காவது உரசல் இருந்தால்தான் இழைப்புளி. முன் அறைக் கதவின் ஹேண்டிலும் லேசாகத் தொங்க ஆரம்பித்திருக்கிறது. அதன் மேல் கீலை முதலில் பார்த்துவிட்டேன், கெட்டியாகத்தான் இருக்கிறது. ஸ்பிரிங் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் கேட்டுவைத்திருக்கிறேன்.