ஆள்கூறு கொடுத்தாயிற்று, பிறகு?

2014 ஜூலை 30 விடியற்காலை, காசாவின் ஜபாலியா முகாமில் இருந்த ஐ.நா. பெண்கள் பள்ளியில் சுமார் 3,300 பேர் தஞ்சமிருந்தார்கள். அந்த இடத்தின் ஆள்கூறை, அதாவது வரைபடத்தில் இடத்தைக் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை, இஸ்ரேல் ராணுவத்துக்கு 17 தடவை கொடுத்திருந்ததாக ஐ.நா. நிறுவனம் சொன்னது. அப்படியும் ஷெல் விழுந்தது. விழுந்தவை 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகள் என்று பிறகு ஐ.நா. விசாரணை கண்டது.

இந்த வகை ஷெல் ஒவ்வொன்றும் 40 கிலோவுக்கு மேல். பல கிலோமீட்டர் தள்ளி நின்று சுடும்போது குறியிலிருந்து நூறு மீட்டர் விலகினாலும் வியப்பில்லை. பக்கத்துத் தெருவில் இலக்கு இருந்தாலே போதும், பள்ளியும் மாட்டிக்கொள்ளும். இலங்கையிலும் 2006 நவம்பர் 8 அன்று வாகரைப் பக்கம் கதிரவெளிப் பள்ளியில் 40க்கும் மேற்பட்ட இடம்பெயர்ந்தோர் ஷெல்லடியில் செத்தார்கள். புலிகளின் பீரங்கித் தாக்குதலுக்குப் பதிலடி என்றது இலங்கை ராணுவம். முகாம் பகுதியில் ராணுவ நிலைகள் எதையும் காணவில்லை என்றது போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு.

அதற்காக, சனம் தஞ்சமிருக்கும் பள்ளியை நடத்துகிறவர்கள் ஆள்கூறு கொடுக்காமல் இருக்க முடியாது. "தெரியாது" என்று பிறகு யாரும் சொல்லக்கூடாதே. ஆனால் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். 8 பாகை 15 கலை 30 விகலை (டிகிரி, நிமிடம், விநாடி) என்பதை அவசரத்தில் 8.1530 என்று எழுதிவிடுவார்கள். சரியான தசமம் 8.2583. புள்ளி கிட்டத்தட்ட 11.7 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும்! தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் மட்டும் எழுதினால் ஒரு கிலோமீட்டர் வரை குழப்பம். நான்கு எழுதினால் பத்துப் பதினொரு மீட்டர்தான். வாசல் கேட்டை மட்டும் குறிக்காமல் வளவின் நான்கு மூலைகளையும் குறிக்க வேண்டும். யாரிடம், எத்தனை மணிக்குக் கொடுத்தோம் என்ற பதிவும் வேண்டும். சனம் வெளியேறிய பள்ளியை ராணுவத்திடம் கொடுத்த பட்டியலிலிருந்து அன்றைக்கே எடுக்காவிட்டால் மொத்தப் பட்டியலையும் நம்ப மாட்டார்கள்.

ஆயுதக்காரர்களை வளவுக்குள் விடவே கூடாது, தண்ணீர் குடிக்க வந்தாலும்தான். சந்தேகம் இருந்தால் பள்ளியைப் பொதுமக்களின் இடமாகவே கொள்ள வேண்டும் என்கிறது ஜெனீவா உடன்படிக்கைகளின் முதல் கூடுதல் நெறிமுறை, பிரிவு 52. கட்டடம் அந்தப் பாதுகாப்பை இழந்தாலும் உள்ளே இருக்கும் சனம் இழப்பதில்லை. இதைத்தான் தாக்கியவர்களின் அறிக்கைகள் வசதியாக மறந்துவிடுகின்றன.

உள்ளே ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஷெல் சிதறலும் கண்ணாடியும். டேப் ஒட்டினால் கண்ணாடி உடையாமல் இருக்காது, கழற்றிவிடுவதே மேல். கூரை ஓடும் அஸ்பெஸ்டாஸும் எதையும் தடுக்காது. மேல்மாடியைக் காலியாக விட்டு, வெளியிலிருந்து இரண்டு சுவர் தள்ளிப் படுக்க வைக்கலாம். ஜன்னலுக்கு மண்மூட்டை அரை மீட்டர் கனத்துக்காவது வேண்டும். சாப்பாட்டு வரிசையை மைதானத்தில் ஒரே நேரத்தில் நிறுத்தக்கூடாது. முதல் ஷெல் விழுந்ததும் காயப்பட்டவரைச் சுற்றிக் கூட்டம் சேரும். அடுத்தது அங்கேயே விழலாம். பல பள்ளிகளுக்கு ஒரே கேட்தான். பின்மதிலில் ஸ்ட்ரெச்சர் போகுமளவு ஒரு திறப்பை முதல் நாளே உடைத்து வைக்க வேண்டும்.