பத்தரை மணி நேரம் பின்னால்

டிசம்பர் 28

பக்கத்து வீட்டுப் பெண் தன் கோலத்திலிருந்து ஒரு கொடியை நம் படி வரை இழுத்து விட்டிருக்கிறாள். இந்த மார்கழிக்கு அது போதும்.

அங்கே, கனடாவில் மகள் வீட்டில், மைனஸ் 4. பனி இளக பாப்பா வாசற்படியில் கல் உப்பைத் தூவுகிறாள் என்று, பிரசவத்துக்குத் துணையாகப் போயிருக்கும் இவளுக்கு ஒரே வருத்தம். "மார்கழியில உப்பைப் போய் மிதிக்கிறதாங்க?" என்கிறாள். மிதிக்காமல் வழுக்கி விழுவதற்கு மிதிப்பதே மேல் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 30

தானே புயல் அடித்த நாள். 2011, விடியற்காலை. பின்பக்கம் பலா சாய்ந்த இடத்தில் இப்போது துவைக்கிற கல் கிடக்கிறது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போன போக்கில் மின்கம்பங்களும் போயின. வெளி மாவட்டத்து ஆட்களெல்லாம் வந்து நட்டார்கள். மின்வாரியத்தில் இருந்த எனக்கு அந்தப் பொங்கல் லாரியில்தான்.

பாப்பா வீட்டு போட்டோ அனுப்பினாள். எல்லோரும் தொட்டில் வாங்கி வைத்திருப்பதைப் பார்க்கச் சொல்கிறார்கள். நான் ஜன்னல் வழியே தெரிகிற மேப்பிள் மரத்தைப் பார்த்தேன். ஒரு கிளை நேராக சர்வீஸ் வயருக்கு மேல்.

டிசம்பர் 31

கிளையைப் பற்றிக் கேட்டேன். "ஹாப்பி நியூ இயர்ப்பா" என்றாள்.

ஜனவரி 2

விசாவுக்குக் கொடுத்த என் பாஸ்போர்ட் இன்னும் அவர்களிடம்தான். கேட்டால் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வருகிறது.

ஜனவரி 3

திங்கள், செவ்வாய் உறைமழையாம். மாப்பிள்ளை சொன்னார். அங்கே பிரெஞ்சில் அதற்கு வெர்க்லா என்று பெயர். எனக்கு முதலில் பிடிபடவில்லை. உறைந்தால் ஆலங்கட்டி, இல்லையென்றால் மழை, இது என்ன நடுவில்? பொறுமையாக விளக்கினார். மேலே ஓர் அடுக்கு வெதுவெதுப்பான காற்று, தரையை ஒட்டி மைனஸ் காற்று. பனி மேலே உருகி மழையாகிவிடுகிறது. கீழே அந்தக் குளிர் அடுக்கு மெலிதாக இருப்பதால் மறுபடி உறைய நேரம் போதாது. தண்ணீராகவே விழுந்து, எதைத் தொடுகிறதோ அதன் மேல் உறைகிறது. இலை, படி, கார், கம்பி, எல்லாவற்றின் மேலும்.

கம்பி என்றதும் மற்றதெல்லாம் காதில் விழவில்லை.

ராத்திரி 2 மணி. தூக்கம் வராமல் காலண்டர் தாளில் கணக்குப் போட்டேன். ஒன்றரை சென்டிமீட்டர் கம்பி. அதைச் சுற்றி 2 சென்டிமீட்டர் பனி. மீட்டருக்கு 2 கிலோ வருகிறது. 50 மீட்டர் ஸ்பேனுக்கு, அதாவது கம்பத்துக்குக் கம்பம், 100 கிலோ. ஒரு கம்பிக்கு! ஒரு ஆளைத் தூக்கித் தொங்கவிட்ட மாதிரி, அதற்கு மேலேயே. காற்று பக்கவாட்டில் தள்ளும், அதற்கு ஸ்டே வயர், கம்பத்தை இழுத்துப் பிடிக்கிற கம்பி, கட்டலாம். இது மேலிருந்து உட்கார்கிறது. உட்காருகிறவனை எந்த ஸ்டே தாங்கும்?

ஜனவரி 4

1998-இல் அங்கே ஜனவரி தொடக்கத்தில் விட்டுவிட்டு ஐந்தாறு நாள் இந்த மழை பெய்திருக்கிறது. ஏறக்குறைய 1,000 இரும்பு டவர்கள் மடங்கின. 30,000-க்கு மேல் மரக்கம்பங்கள். மாண்ட்ரியலுக்குத் தெற்கே சில ஊர்களில் ஒரு மாதம் வரை கரண்ட் இல்லை. ராணுவம் வந்தது. பாப்பா வீடும் ஆற்றைத் தாண்டித் தெற்கேதான்.

வீடு முழுக்கக் கரண்ட் ஹீட்டர். சமையலும் கரண்ட்.

காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டுவிட்டேன். காரை மரத்தடியிலிருந்து எடு. ராத்திரி எல்லோரும் ஒரே அறை, கதவிடுக்கில் துணி. ஃப்ரீசரைத் திறக்காதே, நிறைய அடைத்திருந்தால் இரண்டு நாள் தாங்கும். கரண்ட் போனால் சாமானை வெளியே பனியில் வைத்தால் ஆச்சே என்றேன். "அணில் தின்னுட்டுப் போகும்ப்பா, வெயில் அடிச்சா இளகியும் போகும்" என்று சிரித்தாள். சரி.

ஆஸ்பத்திரி 9 கிலோமீட்டர். ஆஸ்பத்திரிப் பையைக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாயிற்றாம்.

ஜனவரி 5

சண்டை.

மாப்பிள்ளை சின்ன ஜெனரேட்டர் ஒன்று இரவல் வாங்கி வந்திருக்கிறார். துணி உலர்த்துகிற மெஷினுக்கான பிளக்கில் நேராகச் சொருகினால் வீடு முழுக்க ஓடுமாம். யாரோ வீடியோவில் காட்டினார்களாம். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு குரல் வந்ததோ! "வெளி லைனைத் துண்டிக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாம சொருகினா கரண்ட் வெளியே திரும்பி ஓடும் மாப்பிள்ளை. டிரான்ஸ்பார்மர்ல ஏறி ஹைடென்ஷன் ஆயிடும். லைன் செத்துக் கிடக்குன்னு நம்பிக் கம்பம் ஏறினவன் செத்துப்போவான்" என்று கத்தினேன். தானே முடிந்த பத்தாம் நாள் ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரால் எங்கள் ஹெல்பர் கையை இழந்தான். அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

அப்புறம் இவள் போனை வாங்கி, வண்டி ஷெட்டுக்குள் கரி அடுப்பு மூட்டி ரசம் வைத்துக்கொள்ளலாமே என்றாள். மறுபடி கத்தினேன். 1998-இல் குளிரோடு அந்தப் புகையும் ஆட்களைக் கொன்றது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அடுப்பானாலும் ஜெனரேட்டரானாலும் வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளி. "இங்க இல்லாமலே இந்தக் கத்து கத்துறீங்க" என்றாள்.

ஜனவரி 6

காலை 6.30. அங்கே நேற்று ராத்திரி 8 மணி. கரண்ட் போய்விட்டது.

9 மணி. வீட்டுக்குள் 18 டிகிரி. குழாயை லேசாகச் சொட்ட விட்டிருக்கிறார்கள், பைப்புக்குள் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்க. சிங்க் அடியிலிருக்கும் கதவும் திறந்து. முப்பத்தைந்து வருஷம் சொட்டுகிற குழாய்க்காக இவளைத் திட்டியவன் நான். "சொட்டுதுங்க, கேக்குதா?" என்று போனைக் குழாயிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

மதியம் 1. 15 டிகிரி. தெருவில் எங்கோ கிளைகள் வெடிக்கிற சத்தமாம். எந்தக் கிளை என்று கேட்டேன்.

மாலை 5. போன் எடுக்கவில்லை.

5.40. எடுக்கவில்லை. சில்வர் பீச் வரை நடந்துவிட்டு வந்தேன். கடல் குளம் மாதிரி கிடக்கிறது.

7.10. சார்ஜ் மிச்சப்படுத்த அணைத்து வைத்திருந்தார்களாம். 12 டிகிரி. இன்று பாப்பாவிடம் கோபப்படக்கூடாது.

ஜனவரி 7

இங்கே காலை 8.30-க்கு அங்கே கரண்ட் வந்துவிட்டது. 26 மணி நேரம்.

எதிர்வீட்டு மரம் பாதியாகப் பிளந்து அவர்கள் வயரை இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. அறுந்து கிடக்கிற எதன் பக்கத்திலும் போகாதே, கேபிள் டிவி வயரென்று நினைத்தாலும் போகாதே என்று மூன்று முறை சொன்னேன். நம் மேப்பிள் வளைந்து வயரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதாம். ஒடியவில்லை. போட்டோவில் ஒவ்வொரு குச்சியும் கண்ணாடி வளையல் போட்ட மாதிரி. வளைகாப்பு என்று எழுதி அனுப்பியிருக்கிறாள்.

ஜனவரி 8

மரம் வெட்டத் தெரிந்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஊரே கூப்பிடுகிறது, இரண்டு வாரம் ஆகும் என்றானாம். டாக்டர் சொன்ன தேதிக்கும் அவ்வளவுதான் இருக்கிறது.

பாஸ்போர்ட் பற்றி இன்றும் கேட்டேன்.

ஜனவரி 9

சனிக்கிழமை மறுபடி மழை காட்டுகிறது. மைனஸ் 1.