கண்மாய்க்கு வந்த வெளிநாட்டுத் துணை

மேலூர் வட்டாரக் கண்மாய்களில் ஜனவரி தோறும் பறவைகளைக் கணக்கெடுக்கும் சிறிய அறக்கட்டளை ஒன்றில் நான் செயலாளராக இருக்கிறேன். 1987 முதல் நடந்துவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை ஒட்டி நாங்கள் திரட்டிய பதிவுகளைப் பார்த்த ஐரோப்பிய அமைப்பு ஒன்று, நிதி தந்து இரண்டு கண்மாய்களில் எங்களோடு சேர்ந்து பணியாற்ற விரும்பியது. அவர்கள் சம்மதித்ததைக் காரியம் முடிந்ததாகவே எண்ணிக்கொண்டோம்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் ஐந்தாண்டுப் பதிவு பெற, அமைப்பு மூன்றாண்டுகள் இயங்கியிருப்பதோடு அந்த மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது தன் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். எங்கள் கணக்கு அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆகவே குறிப்பிட்ட கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட நோக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் வழங்கப்படும் முன் அனுமதிக்கு விண்ணப்பித்தோம். அதற்குக் கொடையாளரின் உறுதிக் கடிதம் தேவை. எங்கள் அறக்கட்டளைப் பத்திரத்தில் ‘கண்மாய்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் பழைய வருவாய்த்துறை வழக்கப்படி ‘ஓ’ போட்டு (Kanmoi) எழுதியிருந்தோம். அவர்களோ உச்சரிப்பைக் கேட்டு ‘ஏ’ (Kanmai) போட்டுவிட்டார்கள். ஆடிட்டர் அந்த ஓர் எழுத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். புதிய கடிதம் வர ஏழு வாரம் ஆயிற்று.

அவர்கள் கேட்டிருந்த நீர்த்தாவர மாதிரிகளைத் திட்டத்திலிருந்தே நீக்கிவிட்டோம். 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி, சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதியின்றி அவற்றை வெளிநாட்டு அமைப்புக்குத் தர இயலாது. ஒரே நேரத்தில் இரண்டு அனுமதிகளைத் துரத்தும் தெம்பு எங்களுக்கு இல்லை.

எனினும் இந்தக் காகிதங்கள் எல்லாவற்றையும்விட எங்களைத் திணறடித்தது ஆயக்கட்டு விவசாயிகளின் கூட்டம்தான். ஒப்பந்தத்தின் தமிழ் வடிவில் அந்த அமைப்பைப் ‘பங்காளி’ என்று எழுதியிருந்தேன். வாசித்து முடிப்பதற்குள் மடையருகே உட்கார்ந்திருந்த பெரியவர், “பங்காளின்னு சேத்தா நாளைக்கிப் பாகம் கேப்பானேப்பா” என்றார். சிரிப்பு எழுந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட, எங்கள் வட்டாரத்து அரிட்டாபட்டியையும் டங்ஸ்டன் சுரங்க ஏலம் தொட்டதையும், ஊரே திரண்டு போராடிய பின் 2025 ஜனவரியில் அது ரத்தானதையும் கண்ட மக்கள் அவர்கள். காகிதத்தைச் சந்தேகிக்க அவர்களுக்குக் காரணம் இருந்தது. மறுநாளே ‘துணை அமைப்பு’ என்று மாற்றி, கண்மாய் நீரிலும் மீன்பாசிக் குத்தகையிலும் அந்த வெளிநாட்டு அமைப்புக்கு எவ்வித உரிமையும் இல்லை என்ற வரியை முதல் பக்கத்திலேயே சேர்த்தேன். துணை அமைப்பு அதைத் தயக்கமின்றி ஏற்றது.

விவசாயிகள் சங்கத்துக்கு ஒரு பகுதித் தொகையை நேரடியாக வழங்குவதாகத்தான் முதலில் பேசியிருந்தோம். 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளிநாட்டு நன்கொடையை மற்றோர் அமைப்புக்குக் கைமாற்றுவதைத் தடுத்துவிட்டதால், அந்த வாக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. எனக்கு இன்றும் உறுத்துவது அதுதான். இப்போது நீர்மட்ட அளவுகோல் நடுவது முதல் கரையில் பனை விதை ஊன்றுவது வரை ஒவ்வொரு கூலியையும் நாங்களே வவுச்சர் போட்டு வழங்குகிறோம். சங்கப் பொருளாளர் சாட்சிக் கையெழுத்து இடுகிறார்.

பணம் முதலில் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும்; அந்தக் கணக்கை உள்ளூர்க் கிளை வழியாகவே தொடங்க முடிந்தது. ஆண்டறிக்கையை டிசம்பர் 31-க்குள் பதிவேற்ற வேண்டும் என்பதால், வவுச்சர்க் கட்டுகள் இப்போது என் மேசையில் பிரித்துக் கிடக்கின்றன.